கிட்னி வருத்தம் என்று கந்தோரில் சொல்லலாமா?

தெகிவளைக்காரன் / 2025 பெப்ரவரி 5, இரவு 10.40

வயது 38. கோட்டையில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் வேலை. ஒரு மகள், நாலு வயது. ஆறேழு வருடமாகப் பிரஷர் இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. போன மாதம் பார்த்தபோது கிரியாட்டினின் 3.6, ஈ.ஜி.எஃப்.ஆர் (கிட்னி வடிகட்டும் அளவு, குறையக் குறையக் கெடுதி) 21. நான்காம் கட்டம் என்கிறார்கள். மனைவியின் அண்ணன் ஒரே பிடியாக நிற்கிறார்: "கந்தோருக்குத் தெரிந்தால் அனுப்பிவிடுவார்கள். அதற்கு முதல் நீயே விலகி, சேமலாப நிதியை எடுத்து ஒரு கடை போடு." சொல்வதா, மறைப்பதா? பட்டவர்கள் யாராவது எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை / பெப்ரவரி 6, காலை 6.15

சொல்லாதீர்கள் தம்பி. நான் 2019 தொடக்கம் 2023 வரை வாயே திறக்கவில்லை. வேலை போகவில்லை. கந்தோர் என்ன கோயிலா, மனதில் இருப்பதை எல்லாம் கொட்டுவதற்கு?

மச்சானின் கடை யோசனைக்கு ஒரு வரி. விலகினால் சேமலாப நிதி கைக்கு வராது. ஆணுக்கு 55 வயது, பெண்ணுக்கு 50. அதற்கு முதல் எடுக்க நிரந்தர இயலாமை, வெளிநாட்டில் குடியேற்றம் மாதிரி வேறு காரணம் காட்ட வேண்டும். நீங்கள் இன்றைக்கு விலகினால் 17 வருடம் கடைக்குப் பூட்டு மட்டும் வாங்கி வைத்திருக்கலாம். பஸ் வந்துவிட்டது, மிச்சம் பிறகு.

கணக்குப்பிள்ளை / பெப்ரவரி 7, இரவு 11.50

மேலே எழுதியதை மனுசி வாசித்துவிட்டாள். "வேலை போகவில்லை என்று எழுதியிருக்கிறீங்கள். வேறு என்னென்ன போனது என்றும் எழுதுங்கோ" என்றாள். எழுதுகிறேன்.

எனக்கு 46 வயது. வெள்ளவத்தை. புறக்கோட்டையில் இரும்புச் சாமான் இறக்குமதி செய்யும் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறேன். சீனி வருத்தம் நீண்ட காலமாக இருக்கிறது. 2019இல் ஈ.ஜி.எஃப்.ஆர் 48 என்று வந்தது, மூன்றாம் கட்டம். அரச ஆஸ்பத்திரி கிளினிக்கில் டொக்டர், சோதனை, ஒரு மாத மாத்திரை எல்லாம் இலவசம். ஆனால் கிளினிக் கிழமை நாளில். லீவு கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் சனிக்கிழமை பின்னேரம் தனியாரில் சனல் பண்ணிப் பார்த்தேன். டொக்டர் காசு, ஆஸ்பத்திரிக் காசு, லேப் காசு, பார்மசிக் காசு என்று நாலு இடத்தில் கட்டினேன். நான்கு வருடம் நான் செலவழித்தது வைத்தியத்துக்கு இல்லை, மறைப்பதற்கு. ஊருக்கெல்லாம் கணக்கு எழுதுகிறவன் இந்த ஒரு செலவுத் தலைப்பை மட்டும் எழுதவே இல்லை.

இடையில் கதிரையிலே இருந்து இருந்து முதுகு பிடித்தது. பக்கத்து பார்மசியில் டைக்ளோஃபெனாக் தந்தார்கள். தந்தவர் மேல் பிழை இல்லை, அவருக்கு என் வருத்தம் தெரியாது. யாருக்குத்தான் தெரியும்? கிட்னி பழுதானவன் அந்த வகை வலிமாத்திரையைத் தொடக்கூடாது என்பது எனக்கு மட்டும் தெரியும், எனக்கோ முதுகு வலி. இரண்டு மாதம் போட்டேன்.

பிறகு 2022. பதின்மூன்று மணி நேர மின்வெட்டு, பெற்றோல் கியூ, மருந்து விலை. பிரஷர் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டு அட்டையை நீட்டினேன். சிக்கனம் என்று நினைப்பு.

2023 தொடக்கத்தில் ஈ.ஜி.எஃப்.ஆர் 24. டொக்டர் அப்போதே சொன்னார்: இப்பவே கையில் ஃபிஸ்டியுலா போடுவோம். தம்பிக்கு இது புதிது என்றால்: கையில் ஒரு நாடியையும் ஒரு நாளத்தையும் வெட்டி இணைக்கிறார்கள். அந்த நாளம் தடித்து, டயலிசிஸ் மெஷினின் ஊசி ஏற்றத் தக்கதாக முற்ற ஆறு எட்டு வாரம், சிலருக்கு மாதக் கணக்கு. அதனால் தேவை வருமுன்னே போட்டுவிட வேண்டும். எனக்கோ கையில் கட்டுப் போட்டால் கந்தோரில் கேட்பார்களே என்ற யோசனை. மாதக் கடைசி முடியட்டும் என்றேன். கணக்காய்வு முடியட்டும் என்றேன். வரி அறிக்கை போகட்டும் என்றேன். ஒன்பது மாதம் போனது.

நவம்பரில் ஒரு இரவு படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு நிற்கிறது, எழுந்தால் வருகிறது. விடிய வார்ட்டில். ஃபிஸ்டியுலா இல்லாததால் கழுத்தில் குழாய் போட்டு டயலிசிஸ். மூன்றாம் முறை மெஷினில் இருக்கும்போதே உடம்பு உதறத் தொடங்கியது. குழாயில் கிருமி. பதினொரு நாள். அத்தனையும் நோ பே.

கந்தோருக்கும் அப்போதுதான் தெரிந்தது, அதுவும் வார்ட்டில் இருந்து மனுசி எடுத்த போனில். முதலாளி ஆள் அனுப்பினார். அந்தப் பெடியன் பாவம், ஒரு சீப்பு கோழிக்கூட்டு வாழைப்பழமும் நாலு செவ்விளநீரும் தூக்கிக்கொண்டு வந்தான். இரண்டிலும் பொட்டாசியம் அள்ளி இருக்கிறது. எனக்கு அப்போது இரண்டும் நஞ்சு. பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து கிடந்தவர் நன்றாக இருந்தார் அந்தக் கிழமை.

ஆகவே நேற்றுக் காலையில் எழுதியது பிழை. எல்லோருக்கும் சொல்லத் தேவையில்லை. லீவுக் கடிதத்தில் கையெழுத்து வைக்கும் ஆள் ஒருவருக்குச் சொல்லுங்கள், ஃபிஸ்டியுலாவுக்கு முதல். மனுசிக்கும் நான் 2021 வரை சொல்லவில்லை. அது வேறு கதை, அதை இங்கே எழுத மாட்டேன்.

கணக்குப்பிள்ளை / பெப்ரவரி 9, இரவு 7.20

இன்று ஞாயிறு, எனக்கு மெஷின் நாள். பதினொரு மணி தாண்டி மின்சாரம் போனது. தம்பி மெஷினைப் பற்றிப் பயப்படுவதாக எழுதியிருந்தார், அதனால் சொல்கிறேன்.

எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் கத்தின. விளக்கு இல்லை. ஆனால் இரத்தம் ஓடும் பம்ப் நிற்கவில்லை, உள்ளே பெட்டரி இருக்கிறது. அதுவும் போனால் கையால் சுற்றி இரத்தத்தை உடம்புக்குத் திருப்ப ஒரு பிடி இருக்கிறது. நர்ஸ் மிஸ் அதில் கை வைத்தபடி நின்றார். சுற்ற வேண்டி வரவில்லை, ஜெனரேட்டர் எழுந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும், நாடே இருட்டு. பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறிவிட்டது என்று அமைச்சர் சொல்லியிருக்கிறார். இதைப் பக்கத்துக் கதிரை ஐயாவுக்குப் போனில் சொன்னேன். "அனுமார் அந்த நாளில் மலையோடு மருந்து கொண்டுவந்தவர். இப்ப வயரைப் பிடிச்சிருக்கிறார்" என்றார். வயது 71, டயலிசிஸ் ஐந்தாவது வருடம்.

கணக்குப்பிள்ளை / பெப்ரவரி 12, பிற்பகல் 2.30

புதன். மெஷினில் இருந்து ஒரு கையால் தட்டுகிறேன், எழுத்துப் பிழை பொறுக்கவும்.

ஒரு அக்கா கேட்டிருந்தார், கிழமைக்கு இரண்டு நாள் போய்க்கொண்டு எப்படி முழுநேர வேலை என்று. கிழமைக்கு மூன்று தடவை செய்தால்தான் நல்லது. இங்கே பலருக்கு இரண்டுதான் அமைகிறது. எனக்குப் புதன் மத்தியானம் அரச ஆஸ்பத்திரியில், இலவசம். ஞாயிறு காலை தனியாரில், காசு. நாலு மணி நேரம் மெஷின். ஏறி இறங்கி, ஊசித் துளையை அமத்திப் பிடித்து, பிரஷர் பார்த்து வெளியே வர ஆறு மணி நேரம் ஆகிவிடும்.

கடை, காரியாலய ஊழியர் சட்டத்தில் வருட லீவு 14, தற்செயல் லீவு 7. கூட்டினால் 21. புதன்கிழமை அரை நாள் என்றால் வருடத்துக்கு 52 அரை நாள், அதாவது 26. ஐந்து நாள் துண்டு விழுகிறது. அதற்குள் காய்ச்சல் வரக்கூடாது, பிள்ளைக்குக் கண்ணில் அடிபடக்கூடாது, ஊரில் யாரும் சாகக்கூடாது.

முதலாளியிடம் போகும்போது இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனேன். ஐந்து நாளுக்குப் பதிலாக மாதக் கடைசிக் கணக்கை இரண்டு இரவு வீட்டில் இருந்து முடித்துத் தருகிறேன் என்று கீழே எழுதியிருந்தேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி என்றார். நல்ல மனிதர் என்று சொல்லலாம். ஆனால் அந்தக் கடையின் ஸ்டொக் லெட்ஜர் என்னைத் தவிர வேறு ஒருவருக்கும் விளங்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சம்பள உயர்வு அந்த வருடத்தோடு நின்றது. நானும் கேட்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

வியாழன் காலை என்னை நம்பி இலக்கம் தராதீர்கள். மெஷின் முடிந்த அடுத்த நாள் தலைக்குள் பஞ்சு. ஒரு வியாழன் விலைப்பட்டியலில் ஒரு பூச்சியம் கூடப் போட்டு அனுப்பிவிட்டேன். வாங்குகிறவர் நேர்மையானவர், போன் எடுத்து "அண்ணை, இது ஆணியா தங்கமா?" என்று கேட்டார். அன்று தொடக்கம் வியாழன் காலை ஃபைல் அடுக்குவது மட்டும்.

கணக்குப்பிள்ளை / பெப்ரவரி 12, இரவு 10.05

விட்டுப்போனது. அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்துக்கு: 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடம் என்றால் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஒழுக்கக் குற்றம் இல்லாமல் ஒருவரை நிறுத்த அவருடைய எழுத்துச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களம் இருக்கிறது, முறையிடலாம். அதனால்தான் சில இடங்களில் நிறுத்த மாட்டார்கள், தாங்களே விலகும்படி செய்வார்கள். யாராவது வெற்றுக் கடிதத்தை நீட்டினால் அந்த இடத்திலேயே கையெழுத்து வைக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை / பெப்ரவரி 18, இரவு 9.30

நேற்று வரவுசெலவுத் திட்டம். குறைந்த வருமானச் சிறுநீரக நோயாளருக்கு மாதம் 7,500 ரூபா இருந்ததை 10,000 ஆக்குகிறார்களாம், ஏப்ரல் தொடக்கம். கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் வழியாகக் கேட்க வேண்டும். எனக்குச் சம்பளம் இருப்பதால் அந்தப் பக்கம் போகவில்லை. அனுமார் ஐயாவுக்குக் கிடைக்கிறது, திரிவீல் காசுக்குச் சரி என்கிறார்.

காசைப் பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். சரி, நான் செய்த பிழைகளில் இருந்து தொடங்குகிறேன், அவைதான் நிறைய இருக்கின்றன.

ஆயுள் காப்புறுதி ஒன்று வைத்திருந்தேன், கடும் நோய்ப் பிரிவோடு. கிட்னி முற்றாகச் செயலிழந்தால் காசு தரும் வகை. 2022இல் எல்லா விலையும் ஏறியபோது எதை நிறுத்தலாம் என்று பட்டியல் போட்டேன். கேபிள் டிவியை நிறுத்தவில்லை, காப்புறுதியை நிறுத்தினேன். வருத்தம் இருக்கும்போது புதிதாக யாரும் தர மாட்டார்கள் என்பது பிறகுதான் உறைத்தது. மனுசி இதை இன்றுவரை ஒரு தடவையும் சொல்லிக் காட்டவில்லை. கேபிள் டிவியை மட்டும் பார்க்க மாட்டாள்.

சேமலாப நிதியில் இருந்து வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் வேலையில் இருக்கும்போதே எடுக்கலாம். பத்து வருடம் கட்டியிருக்க வேண்டும், கணக்கில் குறைந்தது மூன்று இலட்சம் இருக்க வேண்டும். நான் எடுத்தேன். அது பிழையா சரியா என்று இன்னும் தெரியவில்லை. அந்தக் காசில்தான் முதல் ஆறு மாதம் கிழமைக்கு இரண்டும் தனியாரில் செய்தேன், அரச இடம் கிடைக்கும்வரை. இன்னொன்று, விலகு என்கிற மச்சானுக்குச் சொல்லுங்கள்: சம்பளம் மட்டும் போகாது. முதலாளி போடும் சேமலாப நிதி 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியம் (ஈ.டி.எஃப்) 3 வீதமும் சேர்ந்து போகும். மாற்றுச் சிறுநீரகச் சத்திரசிகிச்சை என்று வந்தால் நம்பிக்கை நிதியம் உறுப்பினருக்கு ஒரு தொகை உதவும். ஜனாதிபதி நிதியத்துக்கும் விண்ணப்பிக்கலாம், இப்போது பிரதேச செயலகத்திலேயே வாங்குகிறார்கள்.

சீட்டு: கந்தோரில் இருபது பேர் சீட்டு. மூன்றாம் மாதமே எனக்குத் தந்தார்கள், குலுக்காமல். அந்தக் காசில் மனுசியின் தாலிக்கொடியை வங்கி அடகில் இருந்து மீட்டேன். நாலு மாதத்தில் திரும்ப வைத்தோம். இப்போது அது எங்கள் வீட்டில் இருப்பதைவிட வங்கியில் இருப்பதுதான் கூட.

அப்புறம் ஞாயிறு. ஞாயிறு காசு நாள் என்பதால் வருடத் தொடக்கத்திலேயே கலண்டரில் ஐந்து ஞாயிறு வரும் மாதங்களைச் சிவப்பால் சுற்றிவிடுவேன். இந்த வருடம் மார்ச், ஜூன், ஓகஸ்ட், நவம்பர். அந்த நாலு மாதத்திலும் மகனின் டியூசன் காசு அடுத்த மாதம்தான். ரீச்சருக்குத் தெரியும். காரணம் சொல்லிவிட்டேன், இப்போது சொல்லப் பழகிவிட்டது.

கணக்குப்பிள்ளை / மார்ச் 13, காலை 11.00

போயா, பௌர்ணமி விடுமுறை. உலக சிறுநீரக தினமும் இன்றுதானாம். கொண்டாட அம்மா ஒடியற்கூழ் காய்ச்சுகிறா. எனக்கு இல்லை.

அம்மா கொக்குவிலில் இருந்து வந்து ஒன்றரை வருடம். என் சாப்பாடு அவவுக்கு ஒரு மதமாற்றம் மாதிரி. உருளைக்கிழங்கைச் சிறிதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் கறி வைக்க வேண்டும், பொட்டாசியம் தண்ணீரோடு போகும் என்றால், "சத்தெல்லாம் போகுதே" என்று தலையில் கை வைப்பா. அந்தச் சத்துத்தான் அம்மா என் எமன், கூடினால் இருதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும் என்றேன். அன்று இரவு அவ சாப்பிடவில்லை. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

மெஷினுக்கு முந்திய காலத்தில் மீன் இறைச்சியைக் குறை என்றார்கள். மெஷினுக்கு வந்த பிறகு, முட்டை வெள்ளை சாப்பிடு, மீன் சாப்பிடு, புரதம் காணாது என்கிறார்கள். மெஷினில் புரதமும் கொஞ்சம் போய்விடுகிறது, அதுதான் காரணம். "ஒரு வாயால் ரெண்டு கதை சொல்லுற டொக்டர்" என்பது அம்மாவின் தீர்ப்பு.

வாழைத்தண்டு, சிறுநெருஞ்சி என்று இங்கே நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவும் அதே கட்சி. அதெல்லாம் கல்லுக்குச் சொல்லும் கைவைத்தியம். கல் வேறு, இது வேறு. பழுதான கிட்னிக்குக் கஷாயம் குடித்துவிட்டு மெஷினுக்கு வந்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். லண்டனில் இருந்து ஒரு மாமி "சோடியம் குறைந்த உப்பு" கொண்டுவந்து தந்தா. அதில் சோடியத்துக்குப் பதில் இருப்பது பொட்டாசியம். நன்றி சொல்லி வாங்கி அலுமாரியில் வைத்தேன்.

கொஞ்ச நாள் எனக்கு ஒரு சட்டி, மற்றவர்களுக்கு ஒரு சட்டி என்று சமைத்தோம். காஸ் சிலிண்டர் கண் முன்னே கரைந்தது. இப்போது ஒரே சட்டி, உப்புக் குறைவு. வேண்டியவர்கள் கோப்பையில் போட்டுக்கொள்வார்கள். கருவாடும் மாசியும் வீட்டை விட்டுப் போய்விட்டன. மகளுக்கு இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. "அப்பா, வீட்டில் படிப்பும் உப்பில்லை, சாப்பாடும் உப்பில்லை" என்கிறாள்.

கணக்குப்பிள்ளை / மார்ச் 13, காலை 11.25

மிக முக்கியமானதை விட்டுவிட்டேன். காமரங்காய். வெட்டினால் நட்சத்திரம் மாதிரி இருக்குமே, அது. அச்சாறிலும் வேண்டாம், ஜூஸிலும் வேண்டாம், ஒரு துண்டும் வேண்டாம். கிட்னி வேலை செய்யாத உடம்பில் அதன் நஞ்சு மூளைக்கு ஏறும். நிற்காத விக்கல், தடுமாற்றம், வலிப்பு, அதற்கு மேலும் போகும்.

கணக்குப்பிள்ளை / மார்ச் 15, இரவு 8.10

கொழும்புக் குழாய்த் தண்ணீர்தான் காரணமா என்று ஒருவர். நீங்கள் நினைப்பது வடமத்திய மாகாணத்தில், மதவாச்சி, பதவியா பக்கம் விவசாயிகளுக்கு வரும் நோய். 1990களில் இருந்து பார்க்கிறார்கள், காரணம் இதுதான் என்று முடிவாகவில்லை. என் கதையில் மர்மம் ஒன்றும் கிடையாது. சீனி, பிரஷர், என் வாய்.

கணக்குப்பிள்ளை / ஏப்ரல் 16, இரவு 12.20

வருடப் பிறப்புக்கு அண்ணா கனடாவில் இருந்து போன் எடுத்தார். நித்திரை வரவில்லை, எழுதுகிறேன்.

மாற்றுச் சிறுநீரகம் ஏன் செய்யவில்லை என்று கேட்டிருந்தீர்கள். என் இரத்தம் ஓ. ஓவுக்கு ஓதான் பொருந்தும். மனுசி பி. தருகிறேன் என்று முதல் நாளே நின்றவள் அவள்தான், இரத்த வகை வந்த அன்று குசினியில் நின்று அழுதாள். அம்மாவுக்கு 69, சீனி. அண்ணா ஓ.

நான் கேட்கவில்லை. அவர் சொல்லவில்லை. அவர் லொறி ஓட்டுகிறார். தந்தால் ஒன்றரை மாதமாவது பாரம் தூக்க முடியாது, வீட்டுக் கடன் இருக்கிறது, அவருக்கும் இரண்டு பிள்ளைகள். மாதா மாதம் காசு அனுப்புகிறார், "பிள்ளைகளின் படிப்புக்கு" என்று. இருவருக்கும் தெரியும் அது ஞாயிறுக் காசு. முதலில் எனக்குக் கோபம் இருந்தது. காசு தந்து தப்பிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், அவர் பெப்ரவரிப் பனியில் ஓட்டுவதும் உடம்பைக் கொடுப்பதுதானே. இன்றைக்கு இப்படி நினைக்கிறேன். நாளை மெஷினில் கால் குறண்டும்போது என்ன நினைப்பேனோ தெரியாது.

இன்று போனில் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். நான் அவசரமாக மரக்கறி விலையைப் பற்றிக் கேட்டேன்.

தனி மடலில் ஒருவர் "வாங்கலாமா" என்று கேட்டிருந்தார். முடியாது. 1987ஆம் ஆண்டின் சட்டப்படி உறுப்பு விற்பதும் வாங்குவதும் குற்றம். மடலுக்குப் பதில் எழுத மாட்டேன், இங்கேயே சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை / மே 13, மாலை 5.45

நேற்று வெசாக். மகன் பந்தல் பார்க்க வேண்டும் என்று இழுத்துக்கொண்டு போனான். பத்து அடிக்கு ஒரு தன்சல், இலவசமாகக் குடிக்க, சாப்பிடக் கொடுக்கும் பந்தல். பெலிமல் (வில்வம்பூப் பானம்), ஐஸ்கிறீம், பலூடா. எல்லோரும் கையைப் பிடித்து இழுத்து ஊற்றுகிறார்கள், புண்ணியம் செய்ய இன்றைக்கு அவர்களுக்குக் கிடைத்தது நான்.

எனக்கு ஒரு நாளைக்குக் குடிக்க 800 மில்லிதான். முதல் நாள் போன சிறுநீர் 300, அதோடு 500. சோற்றில் விடும் சொதியும் கணக்கு, ஐஸ்கிறீமும் கணக்கு. காலையில் ஒரு போத்தலில் 800 எடுத்து வைப்பேன். எதைக் குடித்தாலும் அந்த அளவை போத்தலில் இருந்து ஊற்றிவிடுவேன், மனுசியின் செவ்வரத்தைக்கு. செடி நன்றாக இருக்கிறது.

ஒரு பெலிமல் குடித்தேன். ஞாயிறுதான் மெஷினில் உடம்புத் தண்ணீரை இறக்கிவிட்டு வந்ததால் துணிந்தேன். புதன் முதல் ஞாயிறு வரை நாலு நாள் இடைவெளி, சனிக்கிழமை இரவு என்றால் தொட்டிருக்க மாட்டேன். கலியாண வீடுகள் எல்லாம் ஏன் சனியில் வைக்கிறார்கள்? இரண்டாவது தன்சலில் ஒரு பெரியவர் விடவே இல்லை. சட்டைக் கையை மடித்து ஃபிஸ்டியுலாவைக் காட்டினேன். அவர் பார்த்தார். கப்பைத் திரும்ப எடுத்து மகனுக்குக் கொடுத்தார். தன் மனைவியும் மாளிகாவத்தை ஆஸ்பத்திரியில் டயலிசிஸ் செய்கிறாராம். சிங்களத்தில் ஐந்து நிமிடம் தண்ணீர்க் கணக்குப் பேசினோம். அவர் மனைவிக்கு 600தான்.

தெகிவளைக்காரன் / மே 20, இரவு 9.15

சொல்லிவிட்டேன். மேலாளர் ஒன்றும் சொல்லவில்லை. "சத்திரசிகிச்சை எந்தக் கிழமை?" என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். நல்லதா கெட்டதா தெரியவில்லை. ஃபிஸ்டியுலா 28ஆம் திகதி. ஈ.ஜி.எஃப்.ஆர் இப்போது 18. மச்சான் என்னோடு கதைப்பதில்லை.

கணக்குப்பிள்ளை / மே 21, பிற்பகல் 3.10

கிழமையைக் குறித்தார் என்றால் அன்றைக்கு ஆள் போட யோசிக்கிறார். கெட்டதென்று நான் எடுக்க மாட்டேன். ஆனால் சம்பள உயர்வுக் காலம் வரை பொறுத்துப் பாருங்கள்.

எழுதும் கை வலது என்றால் இடது கையில் கேளுங்கள். இன்று தொடக்கமே அந்தக் கையில் யாரையும் இரத்தம் எடுக்க விடாதீர்கள். போட்ட பிறகு பிரஷர் பார்க்கவும் விடாதீர்கள். வார்ட்டில் அவசரத்தில் இழுப்பார்கள், வாய் திறந்து சொல்ல வேண்டும். மணிக்கூட்டை மற்றக் கைக்கு மாற்றுங்கள். அந்தக் கையைத் தலைக்குக் கீழே வைத்துப் படுக்க வேண்டாம், சந்தைப் பையும் அதில் தொங்கக் கூடாது. 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றால் வலது கையால் பிடியுங்கள், இடது பக்கம் ஆள் சாயாத இடம் பார்த்து நில்லுங்கள். கிடைக்காது, இருந்தாலும் பாருங்கள்.

ஃபிஸ்டியுலா வேலை செய்தால் உள்ளே ஒரு அதிர்வு கேட்கும். காலையும் இரவும் கை வைத்துப் பாருங்கள், நின்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. எங்கள் வீட்டில் அது மகனின் வேலை. காதை வைத்துக் கேட்டுவிட்டு, "திரிவீல் ஸ்டார்ட்டில் நிக்குது" என்று அறிவிப்பான். ஒரு நாள் "வாடகைக்குப் போட்டுது" என்று பகிடி விட்டு அம்மாவிடம் அடி வாங்கினான்.

மகளுக்கு நாலு வயது என்றீர்கள். அவளையும் கேட்க விடுங்கள், முதலில் பயப்படுவாள்.

கணக்குப்பிள்ளை / ஜூன் 4, பிற்பகல் 2.50

தம்பியின் திரிவீல் ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று மடல் வந்தது. இனி முற்றட்டும்.

ஒரு திருத்தம். பெப்ரவரி 12இல் நான் போட்ட லீவுக் கணக்கை ஒரு வாசகர் பிடித்துவிட்டார். இந்த வருடம் ஜனவரி 1 புதன், டிசம்பர் 31உம் புதன். ஆகவே 52 இல்லை, 53 புதன். அரை நாள் என்றால் 26 இல்லை, இருபத்தாறரை. ஞாயிறுகளை எல்லாம் சிவப்பால் சுற்றியவன் புதனை எண்ணவில்லை, ஞாயிறுக்குத்தானே காசு கட்டுகிறேன்.

அரை நாள் கூடுதலாக வேண்டும். முதலாளிக்கு இன்னும் சொல்லவில்லை.